முன்னே செல்பவர்



திருகோணமலைத் துறைமுகம் உலகறிந்தது. அதன் அருகே, கோணேசர் கோவிலைத் தாங்கி நிற்கும் சுவாமி மலையின் அடியில், 1956-ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவர் மூழ்கினார்கள். 1622-இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோவிலின் கற்களையும் தூண்களையும் கடலடியில் கண்டார்கள். இன்று, கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களில், முன்பின் மூழ்கி அறியாதவர்களும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டியுடன் இக்கடலில் இறங்குகிறார்கள்.

புதிதாக இறங்குபவனுக்கு வழிகாட்டி முதலில் சொல்வது என்ன? மூச்சை அடக்காதே என்பதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு பயத்தில் மேலே பாய்ந்தால், காற்று விரிந்து நுரையீரலே கிழியும். ஆகவே, பயந்த வேளையிலும் சீராக மூச்சுவிட வேண்டும்; மெல்ல ஏற வேண்டும். செபமும் அப்படித்தான், அன்பர்களே. துன்பம் வந்ததும் செபத்தை நிறுத்திவிடுகிறவன், எப்போது மூச்சு மிக அவசியமோ அப்போதே அதை அடக்குகிறான். யோனாஸ் இறைவாக்கினர் மீனின் வயிற்றிலிருந்தும் செபித்ததை மறவாதீர்கள்.

திறந்த கடலில் தலைக்கு மேல் வானம் உண்டு. கடற்குகையிலோ தலைக்கு மேல் பாறை. நினைத்தவுடன் மேலே வர இயலாது. வந்த வழியே திரும்ப வேண்டும். தரையிலுள்ள சேற்றைக் கால் ஒருமுறை கிளறினால் போதும், விளக்கிருந்தும் வழி தெரியாது. ஆகையால், நல்ல வழிகாட்டி புதியவனை இருட்குகைக்குள் அழைத்துச் செல்வதில்லை. வாயிலின் வெளிச்சம் தெரியுமட்டுமே அழைத்துப் போவான். தேர்ந்தவர்கள் உள்ளே போகும்போதோ, வாயிலிலிருந்து ஒரு கயிற்றை விட்டுக்கொண்டே போகிறார்கள். காற்றை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைப் போவதற்கும் ஒரு பங்கைத் திரும்புவதற்கும் வைத்து, மூன்றாம் பங்கைத் தொடாமல் காக்கிறார்கள். துணைவனின் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கும் அதுவே உதவும். நம் வருமானத்திலும் நேரத்திலும் அயலானுக்கென்று தொடாமல் வைத்த பங்கு ஏதேனும் உண்டா?

குகை என்றதும் 2018-ஆம் ஆண்டு தாய்லாந்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளம் புகுந்த குகைக்குள் சிக்கினார்கள். எந்த வழியே வெளியேறுவது என்று வெளியில் நின்று கூவியவர்களால் அவர்கள் பிழைக்கவில்லை. மூழ்குவோர் உள்ளே சென்று, ஒவ்வொருவரையும் தம் கைகளில் பற்றிக் கொண்டுவந்தார்கள். சமன் குணன் என்னும் முன்னாள் கடற்படை வீரர், குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்புகையில், யூலை 6-ஆம் நாள் உயிர் துறந்தார். பதின்மூவரும் மீண்டனர்.

நல்ல ஆயன் தன் ஆடுகளுக்கு முன்னே செல்கிறான், அவற்றுக்காக உயிரையும் கொடுக்கிறான் என்று அருளப்பர் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறுகிறார். அவர் சாவின் இருளுக்குள் தாமே இறங்கி, வழி திறந்தபின் நம்மை வாருங்கள் என்கிறார்.

பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு காலையில் பிள்ளையைப் பூசைக்குப் போ என்று அனுப்பிவிட்டு, நீங்கள் வீட்டிலிருக்கிறீர்களா? பாவசங்கீர்த்தனம் செய் என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கம் போகாமலிருக்கிறீர்களா? கரையில் நின்றுகொண்டு பிள்ளையை நீருக்குள் தள்ளுபவரை வழிகாட்டி என்று யார் சொல்வார்? நாளை உங்கள் மகன் கொழும்பிலோ கனடாவிலோ தனித்திருப்பான். போதைப்பொருளும் கெட்ட சிநேகமும் அவனை இருளுக்குள் அழைக்கும். அப்போது அவன் கைக்கு ஒரு கயிறு எட்ட வேண்டும். இன்றிரவு குடும்பமாக முழங்காலில் நின்று சொல்லும் செபமாலையே அந்தக் கயிறு. அதன் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும்.

கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் ஆண்டவருடைய கரம் அங்கேயும் நம்மை நடத்தும் என்று 139-ஆம் சங்கீதம் நமக்கு உறுதி தருகிறது. அந்தக் கரத்தை முதலில் நாம் பற்றுவோம். பிறகு நம் பிள்ளைகளின் கரத்தைப் பற்றி, வா என்று அழைப்போம். ஆமென்.