தேயிலைச் சரிவும் ஆற்று நீரும்: ஓர் அறவியல் நோக்கு

தலவாக்கலை மலைச்சரிவுகளிற் பெய்யும் மழை கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அருகாக ஓடி, ஈற்றிற் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. அந்நீர் தனித்து வருவதில்லை. தேயிலைக்கு இடப்படும் யூரியாவிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றது. மறையேற்றமுடைய அதனைக் களிமண் பற்றி வைப்பதில்லை. செடி உறிஞ்சாத பங்கு நீரோடு இறங்கிவிடுகின்றது. பொசுபரசோ அரிக்கப்பட்ட மண்ணோடு ஆற்றிற் கலக்கின்றது. இவை மிகுந்த நீர்த்தேக்கங்களில் அல்கா பெருகும். அது மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள ஒட்சிசன் குன்றும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகையான நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது.

இத்தீங்கிற்குப் பொறுப்பானவர் யார்? பசளை இடும் தொழிலாளி பணிக்கப்பட்டதைச் செய்கின்றார். அளவை விதிக்கும் நிர்வாகி விளைச்சலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். தேநீர் அருந்துபவர் அவ்வாற்றைக் கண்டதேயில்லை. மரக்கறித் தோட்டங்களின் பசளையும் நகரக் கழிவும் அதே நீரிற் கலப்பதால், எவர் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதலும் அரிது. எவரும் தீங்கை நாடவில்லை. ஆயினும் தீங்கு நிகழ்கின்றது.

நோக்கமே வினையின் தன்மையைத் தீர்மானிக்கும் என்பார்க்கு இது விடுவித்தற்கரிய சிக்கலாகும். அறியாமை ஒருவரைப் பிழையினின்றும் விடுவிக்கலாம்; அறிந்தபின்னும் தொடரும் செயலை அது காவாது. தம் பங்கு சிறிதென்பதும் தக்க விடையாகாது. சிறு பங்குகளின் கூட்டே இத்தீங்கு. ஆகவே அறிவையும் மாற்றவல்ல அதிகாரத்தையும் கொண்டே பொறுப்பை அளத்தல் வேண்டும். அவ்வாறு அளக்குமிடத்து, ஓடை நீரையும் ஊற்று நீரையும் நம்பி வாழும் தொழிலாளியின் பொறுப்பு மிகச் சிறிது. அவரை எதிர்நோக்கும் பாதிப்போ பெரிது.

எனின், இரசாயனப் பசளையை முற்றாக விலக்குதல் அறமாகுமா? 2021ஆம் ஆண்டில் அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எந்நோக்குடன் செய்யப்பட்டதாயினும், சீர்திருத்தத்தின் சுமை எளியோர் தலையில் இறங்குமாயின் அதுவும் ஓர் அநீதியே என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

பசளையைச் சிறுசிறு அளவாகப் பகுத்திடல், பெருமழைக்கு முன் இடாதிருத்தல், ஓடைக்கரைகளிற் புல்லையும் மரத்தையும் விட்டுவைத்தல் ஆகிய வழிகள் அறியப்பட்டவையே. அவற்றின் செலவை ஏற்கவேண்டியோர் அளவையும் விலையையும் தீர்மானிப்போர். மேட்டில் நிற்பவர் பள்ளத்தில் வாழ்பவரையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளும்போதே இவ்விடயத்தில் அறம் தொடங்குகின்றது.