விளக்கின் கணக்கும் வீட்டாரின் மானமும்

வீட்டிலே எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பது நல்ல காரியமா என்று கேட்டால், நல்ல காரியந்தான் என்று எவரும் தயங்காமல் சொல்லுவார்கள். இன்னார் நள்ளிரவில் எத்தனை மணிக்கு எழுந்தார், இன்னார் எவ்வளவு நேரம் குளித்தார் என்று ஒருவர் மற்றவர்களை வேவு பார்ப்பது நல்ல காரியமா என்று கேட்டால், சீச்சீ என்பார்கள். ஆனால் இவ்விரண்டு காரியங்களையும் ஒரே கருவி, ஒரே சமயத்தில் செய்யக்கூடுமானால் என்ன சொல்வது? அத்தகைய கருவி இன்று நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஆதலால் குடும்பஸ்தர்களாகிய நீங்கள் இதைப்பற்றிச் சற்றே சிந்தித்துப் பார்ப்பது அவசியம்.

எனர்ஜி மானிட்டர் என்று கடைகளில் விற்கப்படும் இக்கருவி இன்னதென்று முதலில் பார்ப்போம். மின்சார வாரியம் வைக்கும் மீட்டர் வேறு, இது வேறு. இது வீட்டாராகவே வாங்கி மெயின் போர்டில் பொருத்திக்கொள்வது. மோதிரம்போல் திறந்து மூடும் ஒரு வளையத்தை மின்கம்பியைச் சுற்றி மாட்டுவார்கள். கம்பியில் ஓடும் மின்னோட்டத்திற்கு ஏற்ப அந்த வளையத்தில் ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகும். அதைக் கருவி அளந்து, வீட்டில் இப்பொழுது எத்தனை வாட் செலவாகிறது என்று உங்கள் கைப்பேசியில் காட்டும். போர்டிலிருந்து பிரிந்து செல்லும் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி வளையம் மாட்டினால், ஒவ்வொரு அறையின் செலவும் தனித்தனியே தெரியும்.

இதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வளையத்தைப் பேஸ் வயரில் மட்டுமே மாட்ட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாட்டினால், போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கருவி பூஜ்யத்தைக் காட்டும். வளையத்தின் வாய் இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டிற்கு மூன்று வளையங்கள் தேவை. மின்னோட்டத்தை மட்டும் அளந்து, வோல்டேஜை அளக்காத கருவிகள் மோட்டார் ஓடும்போது தவறான கணக்குக் காட்டக்கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து அந்தச் சுவிட்சு வரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும் என்பதை மறவாதீர்கள். தேர்ந்த எலக்ட்ரீஷியனைக்கொண்டே இவ்வேலையைச் செய்யுங்கள். வாரியத்தின் மீட்டரையோ அதன் சீலையோ தொடவே கூடாது.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மின்சார வாரியத்தின் மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டிற்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால், 32 முறை சிமிட்டும்போது ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு செலவாகியிருக்கும். கருவியின் கணக்கை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கருவி வாங்க வசதியில்லாத வீட்டார், இந்தச் சிமிட்டலையும் ஒரு கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டே தங்கள் செலவை அளந்துகொள்ளலாம்.

இப்படி அளந்து பார்ப்பதால் உண்மையான நன்மை உண்டு. ஓர் இரவு, வேண்டியவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்தாலும் அதன் பக்கத்திலுள்ள செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டே இருக்கும். இராப்பகலாக 10 வாட் வீணாக ஓடினால், 60 நாட்களில் அது 14.4 யூனிட் ஆகிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறியை மாட்டினால், நாளொன்றுக்கு 10 மணி நேரம் என்ற கணக்கில் 60 நாட்களில் 27 யூனிட் மிச்சமாகும். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறுவதால், இந்த மிச்சம் அற்பமானதல்ல. 2016ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணத்தை நீக்கியபோது எத்தனை ஏழைக் குடும்பங்கள் மகிழ்ந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். சிக்கனம் ஒரு கடமை. இதில் வாதத்திற்கு இடமில்லை.

ஆனால் கேள்வி சிக்கனத்தைப் பற்றியதன்று. அறிவதைப் பற்றியது. இதை விளக்க ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

தகப்பன், தாய், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், தகப்பனைப் பெற்ற வயதான தாயார் ஆகிய நால்வர் உள்ள வீடு அது. தகப்பன் யோக்கியமானவர், கடனுக்கு அஞ்சுகிறவர். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு இக்கருவியை வாங்கி, அறைக்கு ஒரு வளையமாக மாட்டுகிறார். கணக்கு அவருடைய கைப்பேசியில் மட்டும் தெரிகிறது. ஒரு வாரங் கழித்து, தாயாரின் அறையில் நள்ளிரவுக்கு மேல் தினமும் இரண்டு மணி நேரம் விளக்கு எரிவதைக் காண்கிறார். காலையில் காப்பி குடிக்கும்போது, "என்ன அம்மா, ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தாயார், "ஒன்றுமில்லை, தம்பி" என்று மட்டும் சொல்லுகிறார்கள்.

அன்றிலிருந்து அந்த அறையில் விளக்கு எரியவில்லை. கைப்பேசியில் கோடு சமமாக ஓடுகிறது. தகப்பனுக்குத் திருப்தி. நான்காம் நாள் மகள் சொல்லுகிறாள்: "அப்பா, பாட்டி இருட்டிலே சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறார்கள். நேற்று நாற்காலியில் இடித்துக்கொண்டார்கள்." முழங்கால் வலியால் தூக்கம் வராமல், தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூதாட்டி, மகனுக்குச் செலவு வைக்கிறோமே என்று வெட்கி இருட்டைத் தேர்ந்துகொண்டார்கள்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். அந்த விளக்கு 20 வாட். இரவு இரண்டு மணி நேரம் எரிந்தால் 60 நாட்களில் 2.4 யூனிட் ஆகும். ஓரிரு தேநீரின் விலை! அதே வீட்டில் மகனுடைய அறையில் ஏ.சி. ஓடுகிறது. ஓடும்போது சுமார் 1000 வாட் இழுக்கும் அந்த இயந்திரம், தாயாரின் இரண்டு மாத விளக்கை இரண்டரை மணி நேரத்திற்குள் விழுங்கிவிடுகிறது. இதுவும் அதே கைப்பேசியில், அதே படத்தில், மலைபோல் நின்றது. பின் ஏன் அவர் கண்ணில் படவில்லை? மலை தினமும் அங்கேயே இருந்தது, கண்ணுக்குப் பழகிவிட்டது. பிறர் அறையில் முளைத்த சிறு மேடுதான் உறுத்தியது.

கருவி பொய் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது மெய். இரண்டு மணி மெய். 20 வாட்டும் மெய். ஆனால் எவ்வளவு என்பதைச் சொல்லிய கருவி, எதற்காக என்பதைச் சொல்லவில்லை. சொல்லவும் அதற்குத் தெரியாது. வலியால் எரிந்த விளக்கும் மறதியால் எரிந்த விளக்கும் அதற்கு ஒன்றே. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மனிதனிடம் போய்ப் பரிவோடு கேட்க வேண்டும். அந்த மகன் கேட்கத்தான் செய்தார். ஆனால் கேட்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வி, கேட்கப்படுகிறவர் காதில் விசாரணையாகவே விழும்.

வீட்டு மின்சாரத்திற்குள் இவ்வளவு அந்தரங்கம் இருக்கிறது என்பது நம்முடைய வீண் கற்பனையன்று. 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்ற அறிஞர், ஒரு வீட்டிற்குச் செல்லும் மொத்த மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வைக்கொண்டே உள்ளே எந்தச் சாதனம் எப்பொழுது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை வகுத்தார். அந்த முறை பிறரை வேவு பார்க்கவும் உதவும் என்று 1989ஆம் ஆண்டில் எச்சரித்து எழுதியவரும் அவரே. 2009ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் மேலவை, ஒவ்வொரு வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை, குடும்ப அந்தரங்கத்திற்குப் பங்கம் என்று ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகரத்தைப் பற்றிய வழக்கில் 2018ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிடத்திற்கு ஒருமுறை வீட்டு மின்சாரத்தைக் குறித்துக்கொள்வது வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் நகராட்சியின் நோக்கம் எவரையும் குற்றஞ்சாட்டுவதன்று என்பதையும் கருதி, அது நியாயமான சோதனையே என்று அனுமதித்தது. நோக்கம் எது என்பதை நீதிமன்றமும் கேட்டது என்பதைக் கவனியுங்கள்.

அரசாங்கம் நம் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதென்று கூக்குரலிடும் நாம், வீட்டிற்குள்ளேயே ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கலாமா? சம்பாதிக்கிறவர் நான், பில் கட்டுகிறவர் நான், ஆகையால் பார்க்க எனக்கு உரிமையுண்டு என்று சிலர் சொல்லக்கூடும். பில்லைப் பார்க்க உரிமையுண்டு, சந்தேகமில்லை. ஆனால் சோறு போடுகிறவர் என்பதற்காக எவரும் வீட்டாரின் கவளத்தை எண்ணுவதில்லை. எண்ணினால் அந்த வீட்டில் சோறு இறங்காது. விளக்கும் அப்படியே.

"அப்படியானால் தூரதேசத்திலிருக்கும் பிள்ளை, ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் நலமாக எழுந்து நடமாடுகிறார்களா என்று இதைக்கொண்டு அறிவதும் தவறா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஜப்பானில் 2001ஆம் ஆண்டிலேயே, தனித்திருக்கும் முதியவர் வெந்நீர்க் கெண்டியை உபயோகிப்பதைப் பற்றிப் பிள்ளைக்குத் தகவல் போகும்படி ஸோஜிருஷி என்னும் நிறுவனம் ஏற்பாடு செய்தது. இது தவறாகாது, பெற்றோர் அறிந்து சம்மதித்திருந்தால், பிள்ளை தேடுவது தன் பணத்தையல்ல, அவர்கள் சுகத்தையே என்றால். ஒரே செய்தி ஓரிடத்தில் அன்பாகிறது, மற்றோரிடத்தில் வேவாகிறது. கதையில் வந்த அந்த மகனே, "அம்மாவுக்கு இரவில் தூக்கமில்லை போலிருக்கிறதே" என்று படித்திருந்தால், அதே கோடு அவரை வைத்தியரிடம் அழைத்துப் போயிருக்கும்.

ஆகையால் இக்கருவியை வேண்டாமென்று தள்ளச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சில நியமங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பொருத்துவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லுங்கள். வேலைக்கு வரும் பெண்மணிக்கும் சொல்லுங்கள். மறைவில் வைத்த கணக்கு நம்பிக்கையைக் கெடுக்கும்.

இரண்டாவது, கணக்கு ஒருவர் கைப்பேசியில் மட்டும் இராமல், எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் அவர் அதிகாரியாகிறார். எல்லாரும் பார்த்தால் அது குடும்பக் கணக்காகிறது.

மூன்றாவது, மணிக்கணக்கையும் அறைக்கணக்கையும் துருவாமல், நாள் மொத்தத்தையும் வார மொத்தத்தையும் பாருங்கள். சிக்கனத்திற்கு அதுவே பெரும்பாலும் போதும். ஏதேனும் ஒரு சாதனத்தின்மீது சந்தேகம் வந்தால் அந்தச் சாதனத்தை மட்டும் தனியே அளந்து பாருங்கள்.

நான்காவது, குறைப்பதைத் தன் அறையிலிருந்து தொடங்குங்கள். பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது அயலானுடைய குற்றங்களை நாம் எண்ணிக்கொண்டிருப்பதில்லையே! இதற்கும் அதுவே முறை.

ஐந்தாவது, நோயாளியின் விசிறியையும், முதியவரின் விளக்கையும், பிள்ளை படிக்கும் விளக்கையும் கணக்கில் சேர்க்காதீர்கள். குடும்பம் என்று ஒன்று இருப்பதே இவர்களைத் தாங்குவதற்காகத்தான்.

அந்த மகன் பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? தாயாரின் கட்டிலருகே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சுவிட்சும், பாத்ரூம் போகும் வழியில் இரவு முழுதும் எரியும் அரை வாட் விளக்கொன்றும் போட்டிருக்கலாம். அவ்விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தாலும் 60 நாட்களில் ஒரு யூனிட்டில் பாதிகூட ஆகாது. தம் ஏ.சி.யை விடியுமுன் தானே நிற்கும்படி வைத்திருக்கலாம். அதன்பின் தாயாரிடம் போய், "அம்மா, வலி எப்படியிருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். இவற்றுள் கடைசிக் காரியத்திற்கு மட்டும் கருவி தேவையேயில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டில் ஏதேனும் ஓர் அறையில் நேரங்கெட்ட நேரத்தில் விளக்கெரிந்தால், எத்தனை வாட் என்று பார்க்குமுன், எழுந்து போய்க் கதவைத் தட்டி, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.