விதியும் விபத்தும்

ஒரு விபத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது எப்படி நேர்ந்தது என்பது ஒன்று. இவர்களுக்கு ஏன் நேர்ந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்வி விசாரணைக்குரியது. இரண்டாவதற்கு ‘விதி’ என்பதே ஊரார் சொல்லும் விடை. விதியை ஏற்றால் விசாரணை வீண்தானா?

2015 ஜூன் 8 மாலை, இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டது. இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய விமானம் அது. இரவு 9 மணிக்குப் பிறகு விமானத்திலிருந்து பேச்சு இல்லை, ஆனால் 9.23 வரை அது திருச்சி ரேடாரில் தெரிந்தது. அப்போது அது காரைக்காலை ஒட்டிய கடலின்மேல் இருந்தது. தேடல் ஒரு மாதத்தைத் தாண்டியது. கறுப்புப் பெட்டியோடு இணைந்த ஒலிக்கருவியின் பேட்டரி ஏறக்குறைய முப்பது நாள்தான் தாங்கக்கூடியதாக இருந்தது. அந்த ஒலியைச் சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது. ஜூலையில் ஒலிம்பிக் கேன்யன் கப்பல் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டது. கறுப்புப் பெட்டியும் மீட்கப்பட்டது.

இரவில் கடல்மேல் நேரும் விபத்துகளில் எஞ்சின், பராமரிப்பு, வானிலை, விமானியின் களைப்பு ஆகியவை ஆராயப்படும். இருளில் தொடுவானம் தெரியாது. விமானம் சாய்ந்து திரும்பும்போதும் நேராகச் செல்வதாக உட்காது உணர்த்தும். அந்த உணர்வை நம்பாமல் கருவிகளை நம்ப விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். பெரும்பாலும் பல குறைகள் ஒன்றுசேர்ந்தே விபத்தாகின்றன.

திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் காவிரிக் கரையில் பேணிவரும் சைவ சித்தாந்தமும் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். விதிக்கு மூலமான வினையோ அறிவற்ற சடம், தானே வந்து உயிரைப் பற்றாது. இறைவன் கூட்டுவிக்க, உடலும் உலகப் பொருள்களும் வழியாகவே அதன் பயன் வந்து சேரும். ஆகவே வினையை ஏற்பவருக்கும் எஞ்சின் பழுது பழுதுதான்.

இப்போது நுகரப்படும் பிராரத்தத்தோடு, இனிச் செய்வதால் ஏறும் ஆகாமியத்தையும் சித்தாந்தம் கணக்கில் வைக்கிறது. தெரிந்த பழுதைச் சரிசெய்யாமல் விடுவது புதிய வினை. இறந்தவரின் பழவினை இன்னதென்று பிறர் அறியவும் வழியில்லை. அதனால் விதியைக் காட்டி அவர்மேல் பழி சுமத்த முடியாது. சிவில் விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதிமுறையும் பழி சுமத்துவதை நோக்கமாகக் கொள்வதில்லை. இனி நேராமல் தடுப்பதே அதன் நோக்கம்.

திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. விதி துயரத்துக்குப் பொருள் தேடுபவரின் விடை. அடுத்த விமானத்தைக் காக்க வேண்டியவருக்கு அது விடையாகாது.