கணநேரம் யாருக்கு?

பாவத்தில் இன்பமே இல்லை என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. மறையுரை மேடையில் நாம் சில வேளைகளில் அவ்வாறு பேசிவிடுகிறோம். கேட்போர் உள்ளுக்குள் நகைத்துக்கொள்கின்றனர். எபிரேயர் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரம் உண்மையை மறைப்பதில்லை. பார்வோன் மகளின் மகன் என்னும் பெருமையைத் துறந்து துன்புறும் தம் மக்களோடு நின்ற மோசேயைப் போற்றும் இடத்தில், பாவத்திற்கும் ஓர் இன்பம் உண்டென்றும், அது நிலைத்து நில்லாதென்றும் அத்திருமுகம் ஒருங்கே உணர்த்துகிறது. இன்பமே இல்லாத இடத்தில் சோதனைக்கு என்ன வேலை?

அவ்வின்பம் எங்கிருந்து வந்தது? தொடக்கநூலின் 2-ஆம் அதிகாரத்தில் கடவுள் முளைப்பித்த மரங்கள் கண்ணுக்கு அழகும் நாவுக்குச் சுவையும் உடையனவாய் இருந்தன. 3-ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்ட மரத்தை ஏவாள் நோக்கும்போதும் அதே அழகும் அதே சுவையும்தான் தென்படுகின்றன. ஆகவே, இனிமையைப் படைத்தது அலகை அன்று, இறைவனே படைத்தார். பாம்பு புதிதாக எதனையும் உண்டாக்கவில்லை. கொடையைக் கொடுத்தவரிடமிருந்து பிரித்துக் காட்டியது, அவ்வளவே. நிலையான நன்மையிலிருந்து முகம் திருப்பி, நிலையற்ற நன்மையை முறையின்றிப் பற்றிக்கொள்வதே சாவான பாவத்தின் இயல்பு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குவதும் இதனையே.

மரத்திலிருந்து வெட்டப்பட்ட கிளை வாடுவதுபோல், பிரிக்கப்பட்ட இன்பமும் வாடும். எத்துணை விரைவில் வாடும் என்பதற்குச் சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரம் கொடிய சான்று. தாவீதின் மகன் அம்னோன், அதே தந்தைக்குப் பிறந்த தங்கை தாமார்மீது கொண்ட வேட்கையால் மெலிந்தான். நோயுற்றவன்போல் நடித்து அவளை வரவழைத்தான். அவள் மன்றாடினாள், இந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு எங்கே செல்வது என்று கேட்டாள். அவன் செவிகொடுக்கவில்லை. வன்செயல் முடிந்ததும் அவன் நெஞ்சில் வெறுப்பு மூண்டது. அது முன்னைய வேட்கையினும் பெரிதாயிருந்தது என்கிறார் நூலாசிரியர். பணியாளனை அழைத்து, அவளை வெளியேற்றிக் கதவைத் தாழிடச் செய்தான். அதுவரை அன்பு என்று பெயர் சூடியிருந்தது எதுவென அத்தாழின் ஓசையில் வெளிப்பட்டுவிட்டது.

இதுவரை நாம் பலமுறை போதித்திருக்கிறோம். இத்துடன் நின்றுவிட்டால் விவிலியத்தைப் பாதியில் மூடியவர்களாவோம். கதவுக்கு வெளியே தாமார் நிற்கிறாள். தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, அரச கன்னியர்க்குரிய அங்கியைக் கிழித்துக்கொண்டு, கதறியபடி செல்கிறாள். அண்ணன் அப்சலோமின் வீட்டில் வாழ்விழந்தவளாய்த் தங்குகிறாள். அம்னோனுக்கு இன்பம் கணநேரம்; தாமாருக்கு அதன் விலை ஒரு வாழ்நாள்.

பாவ இன்பம் கணநேரமே என்று போதிக்கும் நாம், யாருக்குக் கணநேரம் என்று கேட்பதில்லை. பாவியின் நாவில் எஞ்சும் கசப்பைப் பற்றியே பேசுகிறோம். குடிப்பவனின் போதை விடிவதற்குள் தெளிந்துவிடும். அவன் மனைவியின் அச்சம் தெளிவதில்லை. அவதூறு பேசியவர் மறுநாளே மறந்துவிடுவார். பெயரிழந்தவரால் மறக்க இயலாது. பாவத்தின் மிகப் பெரிய வஞ்சகம் இதுவே: இன்பத்தை ஒருவர் கையிலும், அதற்கான கடனை மற்றொருவர் தலையிலும் வைத்துவிடுகிறது.

நடந்ததைக் கேட்ட தாவீது கடுஞ்சினம் கொண்டார். ஆனால் மகனைத் தண்டித்ததாகவோ மகளைத் தேற்றியதாகவோ நூலில் ஒரு சொல்லும் இல்லை. ஈராண்டுகளுக்குப்பின் அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தான். நீதி வாய்மூடிய வீட்டில் பழி வாய் திறந்தது. இம்மௌனம் திருச்சபைக்கும் அந்நியமன்று. சிறியோர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் குறித்து 2018-ஆம் ஆண்டு இறைமக்களுக்கு எழுதிய மடலில், அச்சிறியோரைத் திருச்சபை கைவிட்டதென்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் வெட்கத்துடன் அறிக்கையிட்டார். மேய்ப்பர்களாகிய நாம் அம்மடலைப் பிறருக்கு எழுதப்பட்டதாக எண்ணிப் படிக்கலாகாது.

அவ்வாறாயின், மனம் வருந்திக் கண்ணீர் விடுவது மட்டும் போதுமா? பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. அது விளைத்த கேட்டினை இயன்றவரை ஈடுசெய்யும் கடமை நம்மை விட்டு நீங்குவதில்லை. களவாடியதைத் திருப்பித் தரவேண்டும். கெடுத்த பெயரை மீட்டுத் தரவேண்டும் என்பதே திருச்சபையின் போதனை. ஒப்புரவு அருட்சாதனத்தை நிறைவேற்றும் நாம் மூன்று மன்றாட்டுகளைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிடும்போது, வெளியே நிற்கும் தாமாரை மறந்துவிடுகிறோமா?

சக்கேயு மறக்கவில்லை. இயேசுவை மகிழ்வோடு வரவேற்ற அவர், தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுக்க முன்வந்தார். பெருந்தொகையை இழக்கத் துணிந்த அந்நாளில்தான் அவர் வீட்டிற்கு மீட்பு வந்ததாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. பாவத்தின் இன்பம் கதவைத் தாழிட்டுக்கொள்கிறது. மீட்பின் மகிழ்ச்சியோ கதவைத் திறந்து, வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கிறது. நம் இன்பங்களில் எது எத்தகையது என்று ஐயம் எழும்போதெல்லாம், நம் கதவு திறந்திருக்கிறதா என்று எழுந்து சென்று பார்ப்போமாக.