கேட்டு வாங்கிய விவரமும் காக்கும் கடமையும்

களவு கொடுத்தவனைப் பார்த்து, "நீ ஏன் கதவைத் தாழிடவில்லை?" என்று வினவுதல் இரக்கமற்ற செயலாகும். ஆயினும், களவு போனது அவன் பொறுப்பில் இருந்த பிறர் பொருளாயின், அவ்வினாவைக் கேட்டே தீர வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வழக்கொன்று இவ்வாறு எண்ணத் தூண்டுகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கணிப்பொறிகளிலிருந்து, பணியிலிருப்போரும் விலகியோருமாக ஏறத்தாழ 62,000 ஊழியரின் விவரங்கள் திருடப்பட்டது 2014 இல் வெளிப்பட்டது. பெயர், பிறந்த நாள், முகவரி, வங்கிக் கணக்கு, அரசு வழங்கும் சமூகப் பாதுகாப்பு எண் யாவும் அவற்றுள் அடங்கும். அந்நாட்டில் ஊதியத்தில் மிகையாகப் பிடித்த வரியை, ஆண்டுக் கணக்கைக் காட்டிய பின் அரசு திருப்பித் தரும். ஊழியர் பெயரால் பொய்க் கணக்குகளை அனுப்பி அத்தொகையைக் கவர்ந்தனர் திருடர். இத்தகைய மோசடியில், பின்னர் தம் கணக்கை அனுப்பும் உண்மையானவரே போலியைப் போல் நிற்க நேரும்!

ஊழியர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனமும் திருட்டுக்கு ஆளானதே என்றும், இவ்வழக்குகளுக்கு வழிவிட்டால் அவை எண்ணிறந்து பெருகும் என்றும் கருதி முதல் நீதிமன்றம் தள்ளியது. மேல்முறையீட்டிலும் பயனில்லை. 2018 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பணியில் சேர நிபந்தனையாக விவரங்களைப் பெற்றது நிறுவனமே. ஆகவே அவற்றைத் தக்க கவனத்துடன் காப்பது அதன் கடமை என்றது. நிறுவனம் கவனம் தவறியதா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. கடமை உண்டு என்பதையே நிலைநாட்டியது.

இத்தீர்ப்பு எனக்குச் சரியெனவே படுகிறது. 'அமானிதம்' என்னும் சொல் நம் இல்லங்களில் நாளும் புழங்குவது. வெளியூர் செல்பவர் அண்டை வீட்டாரிடம் நகையை ஒப்படைக்கிறார். அதைக் காப்பது அண்டை வீட்டார் செய்யும் உபகாரம். ஊழியரின் விவரம் அவ்வாறு வந்து சேர்ந்ததன்று. கேட்டது நிறுவனம், அதைக் கொண்டு தன் அலுவலை நடத்துவதும் நிறுவனம். தர மறுப்பவருக்கு வேலையில்லை. உபகாரமாய்க் காப்பவரிடமே நாணயத்தை எதிர்பார்க்கும் நாம், நிபந்தனையிட்டு வாங்கியவரிடம் அதனினும் குறைவாக எதிர்பார்ப்பது எங்ஙனம்? நகை போனால் ஈடு செய்யலாம். பிறந்த நாள் திருடர் கைக்குப் போனால் வேறொரு பிறந்த நாளை யார் தருவார்?

எத்தனை பூட்டிட்டாலும் தேர்ந்த திருடன் நுழைந்துவிடுவானே என்பர். உண்மைதான். இவ்வழக்கில் திருடியவனுக்கு 2021 இல் 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது அவன் பங்கு. முதலாளியின் பங்கு பூட்டோடு முடிவதன்று. களவு கொடுத்தோருள் பணியை விட்டு விலகியோரும் இருந்தனர் என்பதே என்னை மிகவும் உறுத்துகிறது. தேவையற்றதைக் கேளாதிருத்தலும், சட்டம் கோரும் காலம் கடந்ததும் விலகியோரின் ஏடுகளை அழித்தலும் எந்த முதலாளிக்கும் இயலும். அதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. பழைய ஏடுகளை எடுத்துப் பார்க்க ஓர் ஆளும் ஆண்டில் சில நாட்களும் போதும்.