வேலை போனபின் நேரம்

ஓர் ஊரின் ஒரேயொரு ஆலை மூடப்படும்போது அங்குள்ள மனிதர் எதனை இழக்கின்றனர்? சம்பளத்தை என்போம். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல.

ஒஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் ஒரு நெசவாலைக் கிராமம். 1930 அளவில் ஆலை மூடப்பட, ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. மரி யஹோதாவும் நண்பர்களும் அங்கு நடத்திய ஆய்வு 1933இல் நூலாக வெளிவந்தது. வாசிக்க நேரம் தாராளமாக இருந்தது. நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆயினும் இரவல் பெறப்பட்ட நூல்கள் பாதியளவாகக் குறைந்தன. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். கடிகாரம் உள்ளவர்களிற் பலரும் அதனை வீட்டிலேயே விட்டு வந்தனர். பெண்களோ விரைந்து நடந்தனர்; அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

வேலையுள்ளவனுக்கே ஓய்வு உண்டு. தன்னை எவரும் எதிர்பாராத மனிதனுக்கு எஞ்சுவது வெறும் பொழுதுதான்.

இதைக்கொண்டு வறுமையைச் சிறிதாக்குவது அநீதி. உதவித்தொகை நின்றுபோன வீடுகளில் பசி இருந்தது. பணம் முதற்கடன், அது கொடுபடவே வேண்டும். ஆனால் நட்டஈட்டுடன் கணக்கு முடிந்ததென முதலாளியும் அரசும் கையைக் கழுவலாமா?

2020இல் அதே ஊரில், நெடுங்காலம் வேலையற்றிருந்தோர் அனைவருக்கும் வேலைக்கு உத்தரவாதமளிக்கும் பரீட்சார்த்தத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் பிந்தியேனும், அவ்வூர் மனிதருக்குத் தரவேண்டியது பணம் மட்டுமல்ல என்பதை அது ஒப்புக்கொண்டது.