கிழிந்துபோன கடைசிப் பக்கங்கள்

மாரிக்கால மாலையொன்றில் வத்தல்மலைக்குச் சென்றிருந்தபோது, மழைக்காக ஒரு காப்பி விவசாயியின் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். அங்கே கிடந்த பழைய மாத நாவலொன்றைப் புரட்டினேன். ராஜேஷ்குமார் எழுதிய துப்பறியும் கதை. கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன.

"முடிவு தெரியாமலா படித்தீர்கள்?" என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டேன்.

"விவேக் கண்டுபிடிச்சிருப்பாரு, சாமி. அவரு யாரை விட்டாரு?" என்று சிரித்தார்.

1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் குற்றப்பிரிவு அதிகாரி விவேக், மனைவி ரூபலாவோடும் உதவியாளர் விஷ்ணுவோடும் தமிழ் வாசகரின் உள்ளத்தில் குடியேறியவர். அவர்மீது நாம் கொள்ளும் ஈர்ப்பைப் பழிக்கத் தேவையில்லை. மறைவில் செய்த தீமை வெளிச்சத்துக்கு வந்தே தீரவேண்டும் என்னும் தாகம் மனித இதயத்தில் இறைவனே இட்ட தாகமன்றோ? உண்மையைத் தேடுவதில் சளைக்காத ஒருவரைக் கதையிலேனும் காணும்போது மனம் ஆறுதல் கொள்கிறது.

ஆயினும் இத்தகைய நாயகர்களிடம் குறைகளும் உண்டு. அவர்களின் ஐயம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கொலையுண்டவர் புதிரின் தொடக்கமாக மட்டுமே நிற்கிறார். அவருடைய வீட்டாரின் கண்ணீர் அடுத்த அத்தியாயத்தில் மறக்கப்படுகிறது. கைவிலங்கு பூட்டியதும் கதை முடிந்துவிடுகிறது.

இதே தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்த வாச்சாத்தியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி அவ்வூருக்குள் நுழைந்தோர் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர். வத்தல்மலை மக்களைப் போன்ற மலையாளிப் பழங்குடியினரின் வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். துப்பறிய வேண்டிய கைகளே குற்றம் புரிந்தன. அங்கே எந்த விவேக்கும் வரவில்லை. அந்தப் பெண்கள் தாங்களே நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நம் ஐயத்துக்கு உள்ளானவன் எப்படியும் குற்றவாளிதான் என்ற இறுமாப்பு அதிகாரத்தின் கையில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அவ்வூரே சான்று.

கத்தோலிக்க எழுத்தாளர் செஸ்டர்டன் படைத்த பிரவுன் அடிகளாரும் துப்பறிபவரே. அவருடைய முறை வேறு. குற்றவாளியின் உள்ளத்தைத் தம் உள்ளத்துக்குள் தேடி, அதே பாவத்தைத் தாமும் செய்யக்கூடும் என்று உணர்ந்த பின்னரே உண்மையைக் காண்கிறார். 1927-இல் வெளிவந்த கதைத்தொகுப்பில் அவரே இந்த இரகசியத்தை வெளியிடுகிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எந்தக் குருவும் இதனை அறிவார். தன் பலவீனத்தை அறிந்தவன் பிறரைத் தீர்ப்பிட அவசரப்படமாட்டான்.

மழை விட்டதும் பெரியவரிடம் விடைபெற்று இறங்கினேன். அவருடைய சிரிப்பு மட்டும் உடன் வந்தது. விவேக் கண்டுபிடிப்பார் என்று நம்பிக் கதைப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அடுத்த வீட்டில் ஓர் ஏழைக்கு அநீதி நேரும்போது, யாரேனும் ஒரு வீரர் வந்து பார்த்துக்கொள்வார் என்று நாம் கதவை மூடலாமா? அந்தக் கடைசிப் பக்கங்களை எழுத, நாம் கண்டதைக் கண்டபடி சொல்லும் சாட்சிகளாக வேண்டும்.